நாலரை இஞ்சி

கட்டாரிலிருந்து கார்கோப் பெட்டி வந்தால் அதைக் கண்டபடி உடைக்கக்கூடாது என்பது சனூஸாவின் வீட்டுச் சட்டம். பெட்டியை ஹோலுக்கு நடுவில் வைக்க வேண்டும். பிஸ்மி சொல்லி, துணி வெட்டும் கத்தரிக்கோலைத் தவிர வேறு எதனாலும் டேப்பை அறுக்கலாம். அந்தக் கத்தரிக்கோலை டேப்பில் வைத்தவன் கையை வெட்டிப் போடுவாள். மேலே இருக்கும் போர்வையைத் தூக்கியதும் சவர்க்காரமும் கோடாலித் தைலமும் பேரீச்சம்பழமும் கலந்த ஒரு வாசம் எழும்பும். கிண்ணியாவில் பாதி வீடுகளுக்கு வெளிநாடு என்பது அந்த வாசம்தான்.

இந்தமுறை பெட்டியை வாசலிலிருந்து உள்ளே எடுக்க மூன்று ஆம்பிளைகள் வேண்டியிருந்தது.

"என்னடா இது, அம்மியையும் குழவியையும் போட்டு அனுப்பிட்டானா ஒன்ட மகன்?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார் ஸஹாப்தீன். சனூஸாவின் தம்பி. திரீவீல் ஓட்டுபவர். திரீவீலைப் பற்றித் தெரிந்தது போலவே உலகத்தில் உள்ள எல்லாச் சக்கரச் சில்லுகளைப் பற்றியும் தனக்குத் தெரியும் என்று நம்புபவர்.

போர்வைக்குள் சுற்றி நான்கு ரிம். பதினாறு இஞ்சி விட்டம், அலோய். கறுப்புக்குள் வெள்ளி விளிம்பு. ஒவ்வொரு ரிம்மின் குழிக்குள்ளும் இடம் வீணாகக்கூடாது என்று ஒரு பால்மா டின், இரண்டு சவர்க்காரம், ஒரு பேரீச்சம்பழப் பொதி என்று றிப்தி அடுக்கியிருந்தான். கடைசி ரிம்முக்குள் ஒரு கடதாசி. 'ராத்தாட காருக்கு. நான் வரக்குள்ள இதுலதான் ஏறுவன்.'

அந்த ராத்தா, அவனுடைய அக்கா றம்ஸியா, கடதாசியை இரண்டுதரம் வாசித்தாள். பிறகு யாரும் முகத்தைப் பார்க்காதபடி குனிந்து ரிம்மைத் தடவிப் பார்த்தாள்.

அவள் அழுகிறவள் இல்லை. ஏசுகிறவள். அந்த வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள், அந்த வளவிலேயே முதல் பெண். பட்டம் எடுத்து, நான்கு வருடம் 'எமக்கு நியமனம் வழங்கு' என்று பதாகை பிடித்து, திருகோணமலை மாவட்டக் கச்சேரி அலுவலகத்துக்கு முன்னால் வெயிலில் நின்று கறுத்ததுதான் மிச்சம். பிறகு ஒருநாள் பதாகையை மடித்து உம்மாவின் தையல் மெசினுக்கு உறையாகப் போட்டுவிட்டு மாமாவின் திரீவீலில் ஓட்டப் பழகினாள். இப்போது ஒரு பழைய கொரோலா 121 வைத்து வாடகைக்கு ஹயர் ஓடுகிறாள். பொம்பிளைப் பிள்ளை ஹயர் ஓடுவதா என்று பாலத்தடித் தேநீர்க் கடையில் பேசாத வாய் இல்லை. அந்த வாய்களின் உம்மாமாரும் பெண்சாதிமாரும்தான் கிளினிக்குக்குப் போக அவளுக்குப் போன் எடுக்கிறார்கள். வயிற்று நோவையும் மாத நோவையும் ஆம்பிளை டிரைவருக்கு முன்னால் கதைக்க ஏலாது. றம்ஸியாவின் காரில் எல்லாம் கதைக்கலாம்.

றிப்தி போய் மூன்று வருடம். அவன் ஏர்போட்டுக்கு வான் ஏறிய அன்று அவளிடம் காரும் இல்லை, லைசனும் இல்லை. ஆனாலும் வான் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீ திரும்பி வரக்குள்ள நான்தான் வந்து ஏத்துவன். வான்ல வந்து இறங்கினியெண்டா வீட்டுக்குள்ள எடுக்க மாட்டன், சொல்லிட்டன்." அவன் சிரித்தான். "ஸ்டேரிங்கை முதல் எந்தப் பக்கம் எண்டு பழகு." மூன்று வருடமாக அந்தக் கதைதான் வட்ஸ்அப்பில் ஓடியது. இன்னும் பதினொரு நாளில் அவன் லீவில் வருகிறான்.

"என்ன பார்த்திட்டு நிக்கிறாய்? போட்டுப் பாப்பம்" என்றார் மாமா. ஜெக்கை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போயும் விட்டார்.

கச்சான் காற்று புழுதியை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. இடது முன் சில்லைக் கழற்றி, புது ரிம்மைத் தூக்கி வைத்தார். ஒரு போல்ட் துளைக்குள் போனது. மற்ற மூன்றும் ரிம்மில் முட்டி நின்றன. திருப்பி வைத்தார். அதே கதை. தொழப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் இரண்டுபேர் நின்று, ஆளுக்கொரு யோசனை சொல்லி, ஆளுக்கொரு முறை வைத்துப் பார்த்து, சாரத்தில் கிறீஸ் பூசிக்கொண்டு போனார்கள்.

"நாலு போல்ட். நாலு ஓட்டை. ஏன் போகுதில்ல?" என்றார் மாமா, ரிம் தன்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துவது போல.

சனூஸா வாசற்படியில் நின்றாள். வாயில் முந்தானை. கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு நாடாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அதை அப்போது ஒருவரும் கவனிக்கவில்லை.

றம்ஸியா போனை எடுத்தாள். அவளுடைய கோபத்துக்கு எப்போதும் ஒரு வேகம் உண்டு, நாக்குக்கு அதைவிட வேகம். வொய்ஸ் பட்டனை அமத்தினாள்.

"றிப்தி, ஒன்ட ரிம் காருக்குப் போகுதில்ல. மூணு வருஷம் அந்த வெயிலுக்குள்ள கிடந்து உழைச்சு, அதைக் கொண்டு போய்ப் பொருந்தாத சாமான் வாங்குவியா? அளவெடுக்கத் தெரியாட்டிக் கேக்கலாமே. படிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

விரலை எடுத்த பிறகுதான் கடைசி வரி அவளுக்கே கேட்டது.

அவன் ஏன் படிக்கவில்லை என்பது அந்த வீட்டில் சுவருக்கும் தெரியும். வாப்பா மௌத்தாகி வீட்டு உழைப்பு நின்ற வருடம் அவன் உயர்தரம் முதலாம் ஆண்டு, அவள் பல்கலைக்கழகம் இரண்டாம் ஆண்டு. இருவரில் ஒருவர் நிறுத்த வேண்டும். அவன் பேச்சே எடுக்காமல் புத்தகத்தைக் கட்டிவைத்துவிட்டு அடுத்த நாள் தோணியில் மீன்பிடிக்கப் போனான்.

அழிக்கலாம் என்று நினைத்தபோது இரண்டு நீலக் கோடு விழுந்துவிட்டது. ஒரு மணித்தியாலம் கழித்துப் பதில் வந்தது. 'சரி ராத்தா.'

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஐந்து நாள் ஒன்றும் இல்லை. ஆறாம் நாள் மாமா வந்து, தன் காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "றிப்தி மெசேஜ் போட்டிருந்தான். மூதூர்ப் பொடியன் ஒருத்தனும் அதே பிளைட்டுல வாறானாம். அவங்கட வான்ல வந்திடுவானாம். ராத்தா வரத் தேவல்லயாம்."

சனூஸா அன்று இரவுச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்துவிட்டுக் கோழிக்குப் போட்டாள்.

*

மாமாவிடம் வழி இருந்தது. மாமாவிடம் எப்போதும் வழி இருக்கும்.

"லேத் பட்டறையில கதைச்சிட்டன். ஓட்டை நாலையும் உள்பக்கமாக் கொஞ்சம் அகலமாக்கித் தாறானாம். ஒருநாள் வேலை. மாட்டி, கழுவி, போட்டோ எடுத்து அனுப்பினா புள்ள மனசு மாறிடுவான். அளவுல பிழையெண்டா திருத்துறதுதானே?"

"போடு மகள்" என்றாள் சனூஸா உடனே. குரலில் ஒரு கெஞ்சல். "அவன் வரக்குள்ள அது கார்ல இரிக்கோணும்."

"ஓட்டையை இழுத்து அகலமாக்கினா நட்டு எதுல போய் இறுகும்? காத்துலயா?"

"சும்மா வீட்டு வாசல்ல நிக்கிற காருக்கு..."

"வாசல்ல நிக்கிற காரா மாமா? செவ்வாயும் வியாழனும் லைலா மாமியோட நாலு நோயாளிய ஏத்திட்டு நான் பாலத்துக்கு மேல போறன். பாலத்துல சில்லுக் கழண்டா கடலுக்குள்ள மிதக்குமா ஒங்கட அலோய்?"

"வாயப் பாரு. படிச்ச புள்ளைக்குக் கதைக்கத் தெரியுது, குடும்பம் நடத்தத் தெரியல."

"கார் நடத்தத் தெரியும். அது போதும்."

சனூஸா நடுவில் வந்தாள். "அவன் ஆசையா அனுப்பினது புள்ள. ஒருக்காப் போட்டுத்தான் பாரன்."

"உம்மா, ஆசைக்கும் போல்ட்டுக்கும் சம்பந்தம் இல்ல."

இப்படித்தான் பேசுவாள். பேசிவிட்டுக் காரைக் கழுவப் போவாள். கழுவுகிற கார் ஏற்கெனவே சுத்தமாக இருக்கும்.

*

செவ்வாய் காலை. குசினியிலிருந்து பிட்டு அவியும் ஆவியும் சூடைமீன் சொதியின் புளியும் வந்துகொண்டிருந்தன. லைலா மாமியின் புது அபாயா தைத்து முடிந்துவிட்டது, போகும்போது கொடுத்துவிடு என்று உம்மா சொன்னதால், றம்ஸியா தையல் மேசையில் தேடினாள். துணிக்கு அடியில் உம்மாவின் அளவுக் கொப்பி கிடந்தது. ஊர்ப் பெண்களின் உடம்பு முழுக்க அந்தக் கொப்பியில் இருக்கிறது. 'லைலா: தோள் 15, கை 22, நீளம் 54.' கொப்பி காற்றில் புரண்டது. அடுத்த பக்கத்தில் ஒரு பெயருக்குப் பதிலாக இப்படி இருந்தது:

'கார். போல்ட் 4. எதிர் எதிர் 4½.'

அதற்குக் கீழே, கோணல் எழுத்தில்: 'றம்ஸியாக்குச் சொல்லக் கூடாது.'

அவள் கொப்பியோடு குசினிக்குப் போனாள். சனூஸா திரும்பிப் பார்த்தாள். கொப்பியைப் பார்த்தாள். பிட்டுக்குழலை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, கதிரையில் இருந்தாள்.

"எப்ப அளந்தீங்க?"

"நோன்புக்கு முதல். நீ பஞ்சர் போடச் சில்லக் கழட்டி மாமாட திரீவீல்ல கொண்டு போனியே. கார் ஜெக்குல நிண்டது. அவன் போன்ல இருந்தான். எதிரும் எதிருமா இரிக்கிற ரெண்டு போல்ட்டுக்கும் எவ்வளவு தூரம் உம்மா, பார்த்துச் சொல்லுங்க, ராத்தாக்குத் தெரியாம எண்டான்."

"எப்பிடிப் பிடிச்சீங்க நாடாவ?"

சனூஸா காற்றில் காட்டினாள். ஒரு போல்ட்டின் வெளி விளிம்பிலிருந்து மற்றப் போல்ட்டின் வெளி விளிம்பு வரைக்கும். இடுப்பளவு பிடிப்பது போல, எல்லாவற்றையும் உள்ளே அடக்கி. "நாலே காலும் கொஞ்சமும் இருந்திச்சு. நாலரையெண்டு சொன்னன். எல்லாத்துக்கும் கொஞ்சம் கூட விடுறதுதானே புள்ள. கூடினாப் பிடிச்சுத் தைக்கலாம். குறைஞ்சா என்ன செய்யிற?"

றம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே வாசலால் வெளியே வர முண்டியடித்தன.

"நான் அவன ஏசக்குள்ள பக்கத்துலதானே நிண்டீங்க. ஏன் சொல்லல?"

"சொல்லத்தான் வாயெடுத்தன். அதுக்குள்ள நீ படிப்பக் கொண்டு வந்திட்டாய்." சனூஸா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அவனாவது சொல்லுவான் எண்டு பார்த்தன். 'உம்மாதான் அளவு தந்தா' எண்டு ஒரு சொல்லு. சொல்லலயே. அவன் மறைச்சத நான் என்னெண்டு மகள் சொல்ற?"

பிட்டு ஆறிக்கொண்டிருந்தது. றம்ஸியா கொப்பியை மூடி மேசையில் வைத்தாள். பிறகு உம்மாவின் முன்னால் தன் போனை நீட்டி, வொய்ஸ் பட்டனைக் காட்டினாள்.

"இத அமத்திப் பிடிச்சிட்டுக் கதைங்க."

சனூஸா போனை ஒலிவாங்கி போல வாயருகே பிடித்தாள். "மகன். அது என்ட நாலரை. என்ட பிழை. ராத்தாக்கு இப்பத் தெரியும்." கொஞ்சம் யோசித்தாள். "பிட்டு அவிச்சன்."

பட்டனை விட்டதும் கேட்டாள்: "ஒனக்கும் ஒண்டும் சொல்ல இல்லையா?"

"உடுப்பு மாத்துங்க உம்மா. நீங்களும் இண்டைக்கு டவுனுக்கு வாறீங்க. ரிம் நாலும் டிக்கியில இரிக்கு."

*

திருகோணமலை உட்துறைமுக வீதியில், கப்பல் நிற்கும் தண்ணீர் தெரியும் தூரத்தில், பிரியதர்சினியின் டயர்க் கடை. நோயாளிகளைக் கிளினிக்கில் இறக்கிவிட்டு நேரே அங்கே வந்தார்கள். புருசன் கணக்கும் கொழும்புப் பயணமும் பார்ப்பார். அலைன்மன்ட் மெசினும் ஆக்களைப் பேசி அடக்குவதும் அவளுடைய வேலை. றம்ஸியாவைவிட இரண்டு வயது மூப்பு. இரண்டுபேரும் சந்தித்தால் முதல் ஐந்து நிமிடம் சண்டை மாதிரி இருக்கும்.

"வாங்கோ பட்டதாரி. என்ன, டிக்கிக்குள்ள கல்யாணச் சாமானோ?" ஒரு ரிம்மை எடுத்துக் கவிழ்த்து, முதுகில் பொறித்திருந்த எழுத்தை விரலால் துடைத்தாள். "நூற்றிப் பதினாலு மில்லிமீற்றர், அதாவது நாலரை இஞ்சி. உங்கட காருக்கு நூறு. ஆர் வாங்கினது?"

"தம்பி."

"ஆர் அளந்தது?"

சனூஸா முன்னால் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளை போல நின்றாள். "நான்தான்."

பிரியதர்சினி அவளையும் கழுத்தில் தொங்கிய நாடாவையும் பார்த்தாள். சிரிக்கவில்லை. பெஞ்சைத் தூசு தட்டி இருக்கச் சொல்லிவிட்டு, சுவரில் சாய்த்திருந்த போல்ட்டுகளோடு கூடிய ஒரு பழைய ஹப்பைக் காலால் உருட்டிக்கொண்டு வந்து முன்னால் போட்டாள்.

"இது உங்கட கார் மாதிரித்தான் அம்மா. அளந்து காட்டுங்கோ."

சனூஸா அளந்தாள். வெளியிலிருந்து வெளி.

"இப்ப இந்தப் போல்ட்டின்ட நடுவில இருந்து அந்தப் போல்ட்டின்ட நடுவுக்குப் பிடியுங்கோ."

சனூஸா பிடித்தாள். நாலு இஞ்சிக்கு ஒரு மயிரிழை குறைவு. நாடாவைப் பார்த்தபடியே அசையாமல் இருந்தாள். பிறகு திடீரென்று நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு கிழமையாக இல்லாத ஒரு சூடு.

"இது பொத்தான் கணக்கு!"

"என்னது?"

"பொத்தான் தைக்கக்குள்ள நடுவுல இருந்து நடுவுக்குத்தான் அளக்கிற. முப்பது வருஷமா அப்பிடித்தான் செய்றன். இடுப்புக்குத்தான் சுத்தியும் பிடிச்சு, கூட விடுற. பொத்தான் மாதிரியெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் பிழை விடுவனா?" றம்ஸியாவின் பக்கம் திரும்பினாள். "ஒருத்தனும் சொல்லலயே! போல்ட்டு போல்ட்டு எண்டீங்களே தவிர!"

பிரியதர்சினி இப்போது சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. "அம்மா, பத்து வருசமா இதைப் பொடியன்மாருக்கு விளங்கப்படுத்தி என்ர தொண்டை போயிட்டுது. இனிப் பொத்தானெண்டுதான் சொல்லப்போறன்."

கதை சுருக்கமாக முடிந்தது. நூற்றிப் பதினாலு தேடி வருகிற ஆட்கள் இருக்கிறார்கள், அந்த நான்கையும் தான் எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்கு ராக்கையிலிருந்து பதினைந்து இஞ்சி ஒரு செட்டைப் பிடித்தமாதிரி எடுங்கள் என்றாள். றம்ஸியாதான் உடனே தலையாட்டவில்லை.

"அவன்ட சாமான். அவன் சொல்லாம மாத்த ஏலாது."

"அப்ப கேளுங்கோவன்."

"அவன் என்னோட கதைக்கிறதில்ல."

பிரியதர்சினி துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, வேறெங்கோ பார்த்தாள். அந்த நேரம்தான் சனூஸாவின் மடியில் இருந்த போன் அடித்தது. வீடியோ. திரையில் தலையில் துவாய் கட்டிய றிப்தி. பின்னால் இரண்டு தட்டுக் கட்டில்கள், காயப்போட்ட சட்டைகள்.

"உம்மா, எனக்குத் தெரியும்" என்றான் எடுத்த எடுப்பில். "நாலரையெண்டு சொல்லக்குள்ள கடைக்காரன் சரியா இந்த ரிம்மைத்தான் எடுத்துத் தந்தான். எனக்கும் சரிபோலத்தான் பட்டிச்சு. ராத்தா ஏசினாப் பிறகுதான் போய்க் கேட்டுப் படிச்சன்."

"பொத்தான் கணக்கு மகன் அது" என்றாள் சனூஸா.

"என்ன கணக்கு?"

பிரியதர்சினி போனை வாங்கினாள். பிறகு பதினைந்து நிமிடம் அந்த இரண்டுபேரின் கதைதான். ராக்கை முழுக்கப் போனைக் கொண்டு திரிந்தாள். அவன் அங்கிருந்து ரிம்மைக் கவிழ்க்கச் சொன்னான், நம்பரை வாசிக்கச் சொன்னான், எவ்வளவு அகலம், எவ்வளவு உள்ளுக்குப் போகும் என்று கேட்டான். "நடு ஓட்டை பெரிசெண்டா வளையம் போடோணும் என்ன அக்கா?" என்றான். "ஓம் தம்பி, எங்களிட்ட இருக்கு. இல்லாட்டி ஓடேக்க உதறும்." றம்ஸியா தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். படிக்காதவனாம். ஒரு கிழமைக்குள் என்னென்ன படித்திருக்கிறான். காது சூடாகியது.

கடைசியில் அவனுக்கும் சனூஸாவுக்கும் ஒரே செட் பிடித்தது. ஏழு அகலம், வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும், ஐந்து ஆரம் வைத்த பளபளப்பு.

"வடிவுதான்" என்றாள் பிரியதர்சினி. "ஆனா வெறும் காருக்கு எந்த ரிம்மும் வடிவுதான். பாரம் ஏத்தினாத்தான் அது காருக்குச் சொந்தமோ இல்லையோ எண்டு தெரியும். உங்கட நோயாளியள் எங்க?"

கிளினிக் பன்னிரண்டு மணிக்கு முடிந்தது. றம்ஸியா போய் நான்குபேரையும் ஏற்றிக்கொண்டு வந்தாள். முன்னால் லைலா மாமி, டொக்டருக்கென்று கொண்டுபோய் டொக்டர் லீவென்று திரும்பிய இரண்டு சட்டி தயிரோடு. பின்னால் மூன்றுபேர். சில்லு மாற்றியதும் சனூஸாவும் பின் சீட்டில் நெருக்கிக்கொண்டு ஏறினாள்.

"என்னத்துக்குப் புள்ள எங்கள இதுக்குள்ள அடையிற?" என்றாள் லைலா மாமி.

"பாரத்துக்கு மாமி."

"அல்லாஹ்! சீனி வருத்தத்துக்கு மருந்தெடுக்க வந்தவள மணல் மூட்டையாக்கிட்டாளே!"

"பின்னால இரிக்கிறவங்கதான் மூட்டை. நீங்க தயிர்ச் சட்டி" என்றது பின் சீட்டிலிருந்து ஒரு குரல். கார் குலுங்கியது சிரிப்பில்.

பிரியதர்சினி காருக்கு வெளியே நடந்து வந்தாள், காதைப் பின் மட்காட்டுக்கு நேராக வைத்தபடி. "ஸ்டேரிங்கை முழுக்க வெட்டித் திருப்பி, அந்த மண் திட்டியில மெல்ல ஏத்துங்கோ. ஒருத்தரும் கதைக்கக்கூடாது."

கிண்ணியாப் பெண்கள் ஆறுபேர் ஒரு காருக்குள் வாயை மூடிக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவை. கார் திட்டியில் ஏறி, பின்பக்கம் அமுங்கியது. *கர்ர்ர்க்.* டயர் மட்காட்டின் விளிம்பைச் சுரண்டியது.

"அது என்ட வயிறு இல்ல" என்றாள் லைலா மாமி உடனே.

மறுபடி வீடியோவில் வந்திருந்த றிப்தி போனுக்குள்ளிருந்து கத்தினான்: "கழட்டுங்க அக்கா. அது வேணாம். வடிவும் வேணாம் ஒண்டும் வேணாம். ஒரு நாளைக்கு டயர வெட்டிப் போடும்."

அடுத்த செட் ஆறு அகலம். சாம்பல் நிறம், அலட்டல் இல்லாத பத்து ஆரம். பழைய பதினாலு இஞ்சிச் சில்லின் உயரமே வரும்படி பிரியதர்சினி டயரின் அளவைப் பார்த்து எடுத்தாள். ரிம் கூடினால் டயரின் கன்னம் குறைய வேண்டும், மொத்த உயரம் மாறக்கூடாது, மாறினால் ஸ்பீட் மீட்டர் பொய் சொல்லும் என்றாள். டயரில் அது செய்த வாரமும் வருடமும் அடித்திருந்த நாலு இலக்கத்தை சனூஸாவுக்குக் காட்டினாள். "பழைய துணியப் புதுசெண்டு விக்கிறவன் மாதிரி இல்ல நீ" என்று சனூஸா அதற்கொரு சான்றிதழ் கொடுத்தாள்.

மீண்டும் ஆறுபேர், இரண்டு தயிர்ச் சட்டி, முழு வெட்டு, திட்டி. கார் அமுங்கியது. எழும்பியது. ஒரு சத்தமும் இல்லை.

"இதுதான்" என்றான் றிப்தி.

பிரியதர்சினி நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்கினாள். "நூறு கிலோமீற்றர் ஓடினவுடன நிப்பாட்டி இன்னொருக்கா இறுக்கோணும். மறக்கக்கூடாது."

றம்ஸியா போனைக் கையில் வாங்கினாள். திரைக்குள் தம்பி இருந்தான். மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பது அவளுக்கும் தெரியும். எழுதச் சொன்னால் பத்துப் பக்கம் எழுதுவாள். வாயில் வந்தது இதுதான்:

"வான்ல வந்து பார். ஒழுங்கை வாயிலிலயே நிப்பாட்டிப் போடுவன், உள்ளுக்கு விட மாட்டன்."

அவன் துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான்.

"பிளைட் பத்து மணிக்கு வரும். பிந்திடாத."

*

அவன் வரும் நாள் அதிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டார்கள். றம்ஸியா, உம்மா, தூரப் பயணத்துக்கு ஓர் ஆம்பிளைத் துணை என்று தன்னைத்தானே நியமித்துக்கொண்டு ஹபறணைக்கு முன்னமே குறட்டை விட்ட மாமா. தம்புள்ளைக்குக் கிட்ட நூறு கிலோமீற்றர் காட்டியதும் ஓரமாக நிறுத்தினாள். பதினாறு நட்டையும் தானே இறுக்கினாள். மூன்று மட்டும் கொஞ்சம் அசைந்து கொடுத்தன.

கட்டுநாயக்கா ஏர்போட்டில் றிப்தி வெளியே வந்தபோது ஒல்லியாக, கறுத்து, புதுச் சட்டையில் மடிப்புக் கோடு கலையாமல் இருந்தான். உம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மாமாவின் கையைப் பிடித்தான். ராத்தாவைப் பார்த்துத் தலையைச் சொறிந்தான். பிறகு பார்க்கிங்கில், பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு, காரின் இடது முன் சில்லுக்கு முன்னால் குந்தினான். ரிம்மின் நடுவைத் தட்டினான். நட்டு ஒவ்வொன்றிலும் விரல் வைத்தான்.

"இறுக்கினாயா?"

"தம்புள்ளையில."

"எத்தனை அசைஞ்சிச்சு?"

"மூணு."

"சட்டை அழுக்காகுது மகன்" என்றாள் சனூஸா.

அவன் எழும்பினான். றம்ஸியா சாவியை நீட்டினாள். அந்தச் சாவியை இந்த மூன்று வருடத்தில் எத்தனை ஆம்பிளைகள் 'கொண்டா, நான் ஓட்டுறன்' என்று கேட்டிருக்கிறார்கள். மாமா இன்று காலையும் கேட்டார். ஒருவருக்கும் அவள் கொடுத்ததில்லை.

"ஓட்டு" என்றாள். குரல் ஏசுவது போலத்தான் வந்தது. "ஒன்ட சில்லுதானே."

றிப்தி சாவியைப் பார்த்தான். அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவனுக்கு விளங்கியது. ஆனாலும் கையை நீட்டவில்லை. முன் கதவைத் திறந்து, இடது பக்கச் சீட்டில் ஏறி இருந்தான்.

"நீ ஓட்டு ராத்தா. நீ ஓட்டி நான் இன்னும் பாக்கலயே."

டிக்கியில் மூன்று பெட்டி. கூரையில் ஒன்று. பின்னால் உம்மாவும் மாமாவும் நடுவில் ஒரு போர்வைப் பொதியும். கார் குதிகாலில் குந்தியது போல அமுங்கி நின்றது. கந்தளாய் வரை றிப்தி கதைத்துக்கொண்டே வந்தான்: வெயிலில் கொதிக்கிற கட்டடக் கம்பியைப் பற்றி, மலையாளிச் சமையல்காரனைப் பற்றி, ராத்தா கியர் மாற்றும் விதத்தைப் பற்றி. "பாக்கிறதுக்கு வந்தியா, பரீட்சை வைக்கிறதுக்கு வந்தியா?" என்றாள். "பரீட்சையில நீதானே கெட்டிக்காரி" என்றான். மூன்று வருடத்துக் கேலி இருந்த இடத்திலேயே இருந்தது.

பாலம் கடந்து, பள்ளியடி தாண்டி, தங்களுடைய ஒழுங்கை வாயிலுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அந்த வாயிலில் பிரதேச சபை ஏழு வருடமாக மூடாத ஒரு குழிக் கிடங்கு இருக்கிறது. ஸ்டேரிங்கை முழுக்க வெட்டினால்தான் அதற்குள் இறங்கி ஏறலாம்.

றம்ஸியா வேகத்தைக் குறைத்தாள். றிப்தி கதையை நிறுத்தினான். பின்னால் சனூஸா, "கதைக்காத" என்று ஸஹாப்தீனின் தொடையில் தட்டினாள். மாமா குறட்டையை நிறுத்திவிட்டு, என்ன ஏது என்று தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

முன் சில்லு இறங்கியது. பின் சில்லு இறங்கியது. நான்குபேரும் நான்கு பெட்டியும் மூன்று வருடமும் சேர்ந்து ஒரு பக்கமாகச் சரிந்து, அமுங்கி, மெல்ல எழும்பின.

மதில் ஓரத்தில் லைலா மாமியின் ஆடு கத்தியது. வேறு ஒரு சத்தமும் இல்லை.

"நாலுக்கு மயிரிழை குறைவு" என்றாள் சனூஸா பின் சீட்டில், தனக்குள் சொல்வது போல. பிறகு சத்தமாக: "எல்லாரும் பசியோட இரிக்கீங்க. இறங்குங்க, பிட்டு அவிக்கோணும்."